வெற்றிலைக் குருவியின் அசல்

நிஷாந்தினி இதுவரை நூற்றுப் பதினொரு தாய்மாரை ஊருக்குக் கூட்டி வந்திருக்கிறாள். குவைத்திலிருந்து, ரியாத்திலிருந்து, தோஹாவிலிருந்து. யாருக்கும் விமானச் சீட்டு எடுத்ததில்லை. வட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். பெரும்பாலும் யாரோ ஒருவருடைய சமையலறையில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எடுத்ததாக இருக்கும். தலையில் துணி கட்டியிருப்பார்கள். நிஷாந்தினி அந்தத் துணியை எடுத்துவிட்டுப் பூ வைப்பாள். பட்டுச்சேலை உடுத்துவாள். தோளைச் சற்றே திருப்பி, பூப்புச் சடங்குக்கு உட்கார்ந்திருக்கும் மகளுக்குப் பக்கத்தில் நிற்க வைப்பாள். மகளின் கன்னத்தில் எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் விழுந்ததோ, தாயின் கன்னத்திலும் அந்தப் பக்கமிருந்தே விழும்.

"நிஷா அக்கா கை வச்சா, இல்லாத ஆளும் சபையில வந்து நிக்கும்" என்று பூனாகலையிலிருந்து லுணுகலை வரை சொல்வார்கள். அவளுக்குச் சடங்கும் கலியாணமும் தேடி வந்ததே அந்தப் பேச்சினால்தான். கடைசியில் அவளைக் கவிழ்த்ததும் அதே பேச்சுத்தான்.

வயது முப்பத்துநான்கு. பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லய வீட்டில் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு பண்டாரவளையில் ஹாஷிமின் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வருடம் கண்ணாடி துடைத்தாள். இரண்டாம் வருடம் கணினியின் முன் உட்கார்ந்தாள். முகப்பரு அழித்தாள், கறுத்த முகத்தை வெளுப்பாக்கினாள், மணப்பெண்ணுக்குப் பின்னால் கிடந்த பிளாஸ்டிக் கதிரையைக் காணாமல் செய்தாள். பதினொரு வருடம் அதுதான் வேலை. பிறகு ஓட்டோ ஓட்டும் ரமேஸைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பி, பூனாகலைக் கடைத்தெருவில் இத்ரூஸின் பலசரக்குக் கடைக்கு மேல் மாடியில் சொந்தமாக ஸ்டூடியோ போட்டாள். ஒரு கமரா, இரண்டு லென்ஸ், இரண்டு மெமரி காட், ஒரு பழைய கணினி. பெண்பிள்ளை சடங்குக்குப் பெண்ணே வந்து படமெடுத்தால் வீட்டுக்காரருக்கு நிம்மதி. வேலைக்குக் குறைவில்லை.

ஹாஷிமிடமிருந்து அவள் கொண்டுவந்த பழக்கம் ஒன்று உண்டு. வெளிநாட்டில் இருக்கும் தாயைச் சேர்க்க வேண்டுமென்றால், படமெடுக்கும்போதே மகளுக்குப் பக்கத்தில் ஓராள் அகலத்துக்கு இடம் விட வேண்டும். "அம்மாவுக்கு எடம் விடுங்க" என்று நிஷாந்தினி சொல்வாள்; சொந்தக்காரர்கள் சிரித்துக்கொண்டே தள்ளி நிற்பார்கள். அந்த வெற்றிடத்தோடு இருப்பதுதான் அசல் படம். தாயைச் சேர்த்து முடித்த நிமிடமே அசலை அழித்துவிட வேண்டும். ஒருமுறை ஹாஷிமின் கடையில் தவறுதலாக அந்த வெற்றிடப் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். தகப்பன்காரர் கடை வாசலிலேயே அதைப் பிரித்துப் பார்த்தார். மகளுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. மனிதர் நடுத்தெருவில் நின்று அழுதார். அன்றே ஹாஷிம் சொன்னார்: "அசல வெச்சிக்கொண்டிருக்கிறது பாவம் மகள். முடிஞ்சா ஒடன அழிச்சுப் போட்டுடோணும்." நிஷாந்தினி அழித்தாள். பதினேழு வருடமாக அழித்துக்கொண்டிருந்தாள்.

இதற்குள் ஒரு முள் விழுந்தது ஹல்துமுல்லைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியால். பதின்மூன்று வயது. தகப்பனோடு அல்பம் வாங்க வந்தவள், முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா இப்படிச் சிரிக்க மாட்டாங்க."

"ஏன்டா, நல்லாத்தான இருக்காங்க?" என்றாள் நிஷாந்தினி.

"அம்மாவுக்கு இந்தப் பக்கம் ஒரு பல்லு இல்ல."

அந்தப் பல்லை வைத்தது நிஷாந்தினிதான். கேட்காமலே வைத்தாள். தகப்பன், "சும்மா இரு புள்ள, அழகாத்தான இருக்கு" என்று அல்பத்தை மூடிப் பையில் போட்டார். அவர்கள் படியிறங்கிப் போன பிறகும் அந்தப் பல் அவள் மனதை விட்டுப் போகவில்லை.

இரண்டு கிழமை கழித்துப் பேஸ்புக்கில் ஓர் அறிவித்தல் கண்ணில் பட்டது. பதுளையில் பறவை பார்ப்போர் சங்கம் ஒன்று, ஊவா மலைகளுக்குக் குளிர்காலத்தில் வந்து போகும் பறவைகளுக்குப் படப்போட்டி வைத்திருந்தது. தெரிவாகும் எட்டுப் படங்கள் ஒரு சுவரொட்டியில் அச்சாகிப் பாடசாலைகளுக்குப் போகும். ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவர் பெயர் இருக்கும்.

அந்தக் கடைசி வரியை அவள் மூன்று முறை படித்தாள். யாரையும் கொண்டுவந்து ஒட்டாமல், எங்கேயோ உண்மையில் உட்கார்ந்திருந்த ஒன்றை எடுத்த படம். அதன் கீழே தன் பெயர். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பறவைப் பட்டியலை மாமியார் வேலாயியிடம் காட்டினாள். ஐம்பத்தாறு வயதிலும் வேலாயி கொழுந்து பறிக்கிறாள். நாக்கு அதைவிடச் சுறுசுறுப்பு. கைத்தொலைபேசியில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டு போய் ஒன்றில் நிறுத்தினாள்.

"இது நம்ம வெத்தலக் குருவில்ல?"

"எது மாமி?"

"இந்தா. மேலெல்லாம் சாம்பக் கலரு. தொண்டையில மட்டும் வெத்தல எச்சி வடிஞ்ச மாதிரி செவப்பு. ஏழாம் நம்பர் மலையில வருஷா வருஷம் வருது. இதப் போயி போட்டோ எடுக்கிறாங்களா? வேற வேல இல்லையா இவங்களுக்கு?"

தோட்டத்தில் தேயிலைப் பரப்பை மலை என்றுதான் சொல்வார்கள். ஏழாம் நம்பர் மலை ஓர் ஓடையை ஒட்டிச் சரிகிறது. பட்டியலில் அந்தப் பறவைக்குப் பெயர் காஷ்மீர் ஈப்பிடிப்பான். காஷ்மீரத்து மலைகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு இலங்கையின் மலைகளுக்கு வருவது. பூனாகலைப் பக்கத்திலிருந்து அதன் படம் ஒன்றுகூடச் சங்கத்திடம் இல்லை என்று குறிப்பிட்டிருந்தது.

ஜனவரி முழுவதும் நிஷாந்தினி விடியற்காலையில் ஏழாம் நம்பர் மலைக்குப் போனாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு வருவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது தோட்ட நிர்வாகம் சொன்ன நிபந்தனை. அதாவது ஒரு மணி நேரம். அதில் பாதியை மூடுபனி தின்றுவிடும்.

கலியாண வீட்டில் தாலி கட்ட மூன்று வினாடிதான். ஆனால் அந்த மூன்று வினாடி வரப்போகிறது என்று மேளம் முன்கூட்டியே சொல்லிவிடும். இந்தக் குருவிக்கு மேளம் இல்லை. ஒரு கட்டைவிரல் நீளத்தைவிடச் சற்றே பெரிய உடம்பு. கிளையில் உட்காரும், வாலை ஒருமுறை மேலே வெட்டும், இல்லாமல் போகும். கமரா குருவியைக் கண்டுபிடிப்பதற்கு முன் இலையைக் கண்டுபிடித்துவிடும். படத்தில் இலை கத்திபோல் கூராக விழ, குருவி பஞ்சாக விழும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படம் இருட்டியது. இருட்டைச் சமாளிக்க உணர்திறனைக் கூட்டினால், இறகெல்லாம் ரவை கொட்டியதுபோல் புள்ளி. பளிச்சென்று வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்; இரண்டு நாட்களுக்குக் குருவி அந்தப் பக்கமே வரவில்லை. அந்தச் சிவப்பும் லேசில் கிடைக்காது. நிழலில் அது வெறும் பழுப்பு. ஓடைக்குள் வெயில் இறங்கும் ஏழு இருபதுக்குப் பிறகு, குருவி சரியான பக்கம் திரும்பினால்தான் தொண்டை எரியும்.

சங்கத்துக்காரர்களின் லென்ஸ் முழங்கை நீளம் இருக்கும். இவளுடையது கலியாண மண்டபத்துக்கு வாங்கியது. அதனால் பத்தடிக்குள் போய் நிற்க வேண்டும். பத்தடிக்குள் போனால் குருவி நிற்காது. மூன்று வாரத்தில் இரண்டாயிரம் படங்களுக்கு மேல் எடுத்து அழித்தாள். பெரும்பாலானவற்றில், யாரோ இப்போதுதான் எழுந்து போன ஊஞ்சல் மாதிரி, ஒரு கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னா நிஷா," என்றான் ரமேஸ், அவற்றைப் பார்த்துவிட்டு. "தோட்டத்துல உள்ள கெளைக்கெல்லாம் ஐடென்டி காட் போட்டோ எடுக்கிறியா?"

வேலாயி ஒருநாள் ஓய்வில் கூட வந்து பார்த்தாள். மருமகளை மேலும் கீழும் அளந்தாள்.

"மஞ்சச் சட்டைய போட்டுக்கிட்டு, மூஞ்சிக்கு முன்னால கறுப்பா ஒண்ணத் தூக்கிக்கிட்டு நின்னா நானே பயப்படுவேன். அது வருமா? படங்கக் கட்டு. தலையில சாக்க மடிச்சுப் போடு. அதுக்குக் கொழுந்துக்காரியத்தான் தெரியும், போட்டோக்காரியத் தெரியாது."

கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் அந்தச் சாக்குத் துணியைக் கட்டிக்கொண்டு, செடிகளுக்கிடையே வேலை செய்பவள்போல் குனிந்து நிமிர்ந்துகொண்டு இருந்தபோது, குருவி ஏழடித் தூரத்தில் வந்து உட்கார்ந்தது.

"இன்னொண்ணும் கேட்டுக்க," என்றாள் வேலாயி. "அது கங்காணி மாதிரி. ஒரு ரவுண்டு போயி எல்லாரையும் பாத்துட்டு, நின்ன எடத்துக்கே வந்து நிக்கும். அதத் தொரத்தாத. அது நிக்கிற எடத்தப் புடிச்சு வச்சுக்க."

ஓடைக்கரை முள்முருங்கையின் தாழ்ந்த கிளையொன்றில் முறிந்த நுனி. அதில்தான் குருவி திரும்பத் திரும்ப இறங்கியது. நிஷாந்தினி குருவியைத் தேடுவதை விட்டாள். அந்த நுனியில் குவியத்தைக் கையால் பூட்டி வைத்துவிட்டு, குருவி வரும் வரை இடுப்பு கடுக்கக் காத்திருந்தாள். கணுக்காலில் அட்டை ஏறியது, குனிந்து பிடுங்கவில்லை.

பெப்ரவரி பதினொன்று காலை ஏழு இருபத்துநாலுக்கு அது வந்தது. ஒன்பது படங்கள். எட்டில் வால் மட்டும், தலை மட்டும், வெறும் கிளை. ஒன்றில் முழுக்குருவி. தொண்டைச் சிவப்பு, அதைச் சுற்றிக் கறுப்புக் கரை, மேலே வெட்டிய வால், அலகில் ஒரு சின்ன ஈ. ஈயின் இறக்கைகூடத் தெரிந்தது.

பத்து மணிக்கெல்லாம் ஸ்டூடியோவில் கணினியைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். குருவியின் வயிற்றுக்குக் குறுக்கே தேயிலைக் காம்பு ஒன்று கலங்கலாக ஓடியது. பின்னால் ஒரு மூலையில் உரச்சாக்கின் நீலக் கிழிசல். கை தானாகப் போனது. பரு, தழும்பு, கொடிக்கம்பி, பிளாஸ்டிக் கதிரை என்று பதினேழு வருடம் அழித்த கை. காம்பை எடுத்தாள், அது மறைத்த இடத்துக்குப் பக்கத்து இறகை எடுத்து நிரப்பினாள். நீலத்தைப் பச்சையாக்கினாள். நான்கு நிமிடம். தான் ஒன்றைச் செய்ததாகவே அவளுக்குத் தோன்றவில்லை. தலைவாரிப் பொட்டு வைத்தது போலத்தான். படத்தைச் சங்கத்துக்கு அனுப்பினாள். மறுநாள் லுணுகலையில் ஒரு சடங்கு. மெமரி காட்கள் இரண்டும் வேண்டும். வழக்கம்போல், கணினியில் இருந்த அசல் உட்பட எல்லாவற்றையும் துடைத்தாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு தொலைபேசி அடித்தது. சங்கத்தின் செயலாளர் ஷிபான். பதுளையில் ஆசிரியர், முப்பது வயதுக்குள்.

"அக்கா, நீங்களா அந்த ஈப்பிடிப்பான் படம் அனுப்பினது?"

"ஆமாங்க சேர்."

"படத்தப் பார்த்து நான் எழும்பி நின்டுட்டேன் அக்கா. வாயில ஈ வேற! இருவது வருஷம் சுத்தினவங்களுக்கே கெடைக்காது. எங்க எடுத்தீங்க?"

"எங்க தோட்டத்துலதாங்க. ஏழாம் நம்பர் மலையில."

"மாஷா அல்லாஹ். எட்டுக்குள்ள வந்துட்டு. கமராவில இருந்து நேரா வந்த அசல் ஃபைல மட்டும் அனுப்பிடுங்க. எல்லாரிட்டயும் கேக்கிறதுதான்."

"அசலா?" என்றாள். "அத அழிச்சிட்டேனே சேர்."

"அழிச்சிட்டீங்களா? ஏன் அக்கா?"

நடுத்தெருவில் நின்று அழுத தகப்பனை எப்படிச் சொல்வது? "நாங்க வச்சிருக்கிறதில்லைங்க" என்றாள்.

"சரி… படத்தில ஏதும் மாத்தினீங்களா? வெளிச்சம் கூட்டினது, கொறச்சது பரவாயில்ல."

"குறுக்க ஒரு காம்பு இருந்துச்சு. அத மட்டும் எடுத்தேன். பொறவு ஒரு நீலச் சாக்கு."

"காம்ப எடுத்தா அந்த எடத்தில இறகு வேணுமே அக்கா. அது எங்கால வந்தது?"

"பக்கத்துல இருந்து எடுத்துப் போட்டேங்க."

சொல்லி முடித்தபோதுதான் அவளுக்கே விளங்கியது.

ஷிபான் கெட்டவன் இல்லை. வழி தேடினான். அவள் வேலையை அறிந்த ஒருவர், நம்பிக்கையான ஆள், இரண்டு வார்த்தை சொன்னால் நடுவர்களிடம் பேசிப் பார்க்கலாம் என்றான். நிஷாந்தினி ஹாஷிமின் இலக்கத்தைக் கொடுத்தாள். அதைவிட நம்பிக்கையான ஆள் அவளுக்கு இல்லை.

மறுநாளே ஹாஷிம் அழைத்தார். குரலில் பெருமை வழிந்தது.

"மகள், பதுளையில இருந்து ஒரு வாத்தியார் பொடியன் கதச்சான். ஒன்னப் பத்தி நல்லா எடுத்து வுட்டேன்."

"என்னா சொன்னீங்க முதலாளி?"

"உள்ளதத்தான் சொன்னேன். இந்தப் புள்ளைட கைக்கு இந்தப் பகுதியில ஆள் இல்ல. மவுத்தான ஆளையே எழுப்பிக் கொண்டாந்து மாலையோட நிப்பாட்டும். ஒட்டு எங்கண்டு எந்தக் கொம்பனாலயும் கண்டுபுடிக்க ஏலாது. ஒரு குருவி வெக்கிறதெல்லாம் இதுக்கு ஒரு வேலையாண்டு கேட்டேன். பொடியன் கதையே இல்ல."

நிஷாந்தினி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மகள், சத்தத்தக் காணோம்? கூடச் சொல்லிட்டேனோ?"

"இல்லங்க முதலாளி. நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க."

சங்கத்தின் பேஸ்புக் பக்கத்தில் அறிவித்தல் வந்தது. ஒட்டிச் சேர்க்கப்பட்டதாகக் கருதப்படும் படம் ஒன்று போட்டியிலிருந்து நீக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது. பெயர் போடவில்லை. பிற்பகலுக்குள் யாரோ பெயரைப் போட்டார்கள். இன்னொருவர் அவளுடைய ஸ்டூடியோப் பக்கத்திலிருந்து சடங்குப் படம் ஒன்றை எடுத்து ஒட்டினார். அதன் கீழே நிஷாந்தினியே முன்பு பெருமையாக எழுதியிருந்தாள்: 'வெளிநாட்டில் இருக்கும் அம்மாவும் சபையில்.' அதற்கு வந்த பதில்தான் எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்தது: 'குவைத்தில இருந்து அம்மாவையே கொண்டு வந்தவங்களுக்கு காஷ்மீர் என்ன தூரமா?' இருநூறுக்கு மேல் சிரித்த முகங்கள். யார் யார் என்று அவள் திறந்து பார்த்தாள். ஒருத்தி குவைத்தில் இருந்தாள். போன ஆவணியில் நிஷாந்தினி அவளுக்குப் பச்சைப் பட்டு உடுத்தியிருந்தாள்.

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. பங்குனி முடிந்தால் குருவி போய்விடும். ஷிபானை அழைத்தாள்.

"சேர், படம் பொய்யின்னா போகட்டும். குருவி பொய்யில்லைங்க. ஒரு தடவ வந்து பாருங்க."

அவன் வந்தான். சனி, ஞாயிறு இரண்டு நாள் ஒதுக்கி, பண்டாரவளையில் தங்கி, விடியுமுன் ரமேஸின் ஓட்டோவில் வந்து இறங்கினான். நிஷாந்தினி வேண்டுமென்றே தன் கமராவைக் கொண்டுபோகவில்லை. தான் எடுத்தால் அதையும் ஒட்டியது என்பார்கள். அவன் எடுக்கட்டும், அவன் கமராவே சாட்சி சொல்லட்டும்.

ஏழாம் நம்பர் மலையில் இறங்கியதும் அவள் நின்றுவிட்டாள். நிழல் மரங்களை அந்தக் கிழமைதான் வெட்டிவிட்டிருந்தார்கள். மழைக்கு முன் வருடாவருடம் நடப்பதுதான். முள்முருங்கை மொட்டைக் கம்பமாக நின்றது. அந்த முறிந்த நுனி, அந்தக் கிளை, படத்தின் பின்னால் இருந்த பச்சை, ஒன்றும் இல்லை. ஷிபான் கைத்தொலைபேசியில் அவள் படத்தை வைத்துக்கொண்டு மரத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை குருவி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதால் வேலாயியும் கூட வந்தாள். ஷிபானின் பச்சைப் புள்ளிச் சட்டையையும் தொப்பியையும் முழங்கை நீள லென்ஸையும் பார்த்தாள்.

"ஏன் சேர், ஆமிக்காரர் மாதிரி உடுத்திக்கிட்டு வந்திருக்கீங்க? வெத்தலக் குருவி பயந்து ஊரப் பாத்து ஓடியிருக்கும்."

"எங்கட சங்கத்தில எல்லாரும் இப்படித்தான் உம்மா."

"அதான் உங்க சங்கத்துக்கிட்ட படம் இல்ல."

ஷிபான் சிரித்தான். நிஷாந்தினிக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழே கால். ஏழு இருபது. ஏழு இருபத்தாறுக்கு, ஓடைக்கு அப்பால் ஒரு வறண்ட குச்சியில் அது இறங்கியது. வாலை வெட்டியது. ஷிபானின் கமரா தையல் மெஷின்போல் ஓடியது. இரண்டு வினாடி. போய்விட்டது.

"அல்லாஹ்," என்றான் அவன். கமராவின் பின்னால் பார்த்தான். குச்சி கத்திபோல் விழுந்திருந்தது. அதன் ஓரமாக, யாரோ குங்குமம் சிந்திக் கையால் இழுத்துவிட்டதுபோல் ஒரு கறை.

"அக்கா, நீங்க சொன்னது உண்மை. நான் என்ட கண்ணால கண்டுட்டேன்."

"அப்ப என் படம் சேர்?"

அவன் லென்ஸின் மூடியைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது. "பறவை இங்க இருக்குண்டு நான் எழுதுவேன். படம்… தீர்ப்பு முடிஞ்சுட்டு அக்கா. அசல் இல்லாம ஏலாது."

எழுதினான். சித்திரை மாதம் சங்கத்தின் பதிவேட்டில் வந்தது: காஷ்மீர் ஈப்பிடிப்பான், ஆண், ஒன்று. பூனாகலை. அவதானிப்பும் படமும்: ஷிபான். இடத்தைக் காட்டிய தோட்டவாசிக்கு நன்றி.

ரமேஸ் அதைப் படித்துவிட்டு, "தோட்டவாசின்னா அம்மாவையா சொல்றாரு, ஒன்னையா?" என்று கேட்டான். பிறகு ஓட்டோவைத் துடைக்கப் போய்விட்டான்.

வைகாசியில் ஷிபான் மறுபடி அழைத்தான். சுவரொட்டி அச்சுக்குப் போகிறது. ஏழு படம் சரி. எட்டாவது இடத்துக்கு ஈப்பிடிப்பானைப் போடச் சங்கம் முடிவு செய்திருக்கிறது. வேறு யாரிடமும் படம் இல்லாததால் அவனுடையதைத்தான் போட வேண்டும்.

"கொஞ்சம் கலங்கல் அக்கா. உங்களுக்குத் தெரியுந்தானே. இது போட்டி இல்ல, பிள்ளைகளுக்கு வெளங்குறத்துக்குத்தான். நீங்க கை வெச்சா தெளிவாகும். நாளைக்குள்ள தர ஏலுமா?"

அவள் கணினியின் முன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அனுப்புங்க சேர்."

கீழே இத்ரூஸின் கடையில் பருப்பு நிறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அவன் அனுப்பியதைத் திறந்தாள். அசல். கமரா வைத்த இலக்கப் பெயரோடு, எடுத்த நாள், நேரம், நிமிடத்தோடு, ஒரு மாசுமில்லாத அசல். அதில் குருவி இல்லை, கறை இருந்தது. கூர்மையாக்கிப் பார்த்தாள். கறை கூர்மையான கறையாயிற்று. கறையை அழித்தாள். குச்சியின் மேல் ஓர் உடம்பு அகலத்துக்கு வெற்றிடம் வந்தது. அவளுக்குப் பழக்கமான வெற்றிடம்.

தன் படத்தைத் திறந்தாள். குருவியை வெட்டியெடுத்து அங்கே வைத்தாள். வெயில் எந்தப் பக்கமிருந்து விழுந்ததோ அந்தப் பக்கமிருந்தே தொண்டையில் விழும்படி திருப்பினாள். கால் குச்சியைப் பிடித்தது. போதவில்லை என்று தோன்றியது. ஷிபானின் படத்திலேயே ஓரமாகக் கலங்கலாய்க் கிடந்த காம்பு ஒன்றைப் பெயர்த்துக் குருவியின் வயிற்றுக்குக் குறுக்கே போட்டாள். இப்போது அது பெப்ரவரி பதினோராம் திகதி காலையில் இருந்தது போலவே இருந்தது.

அனுப்பினாள்.

அன்று முழுவதும் பதில் வரவில்லை. அவனுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அந்தப் படத்தைப் பார்த்து எழுந்து நின்றவன் அவன். மறுநாள் மத்தியானம் அழைத்தான்.

"அக்கா… நல்லா வந்திருக்கு."

"தெளிவாக் கேட்டீங்க சேர்."

"ம்."

"கீழ பேரு எதும் மாத்தணுங்களா?"

பின்னணியில் யாரோ சிங்களத்தில் அச்சகக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அது எல்லாம் செட் பண்ணி முடிஞ்சு அக்கா. இப்ப தொட ஏலாது."

"சரிங்க சேர்."

ஆனி மாதம் வேலாயிக்குக் கண் காட்டப் பண்டாரவளைக்குப் போனார்கள். திரும்பி வரும்போது, பஸ் நிலையச் சுவரில் அந்தச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. எட்டுப் பறவைகள். ஏழு அழகாக இருந்தன. எட்டாவதைப் பார்த்துத்தான் பாடசாலைப் பிள்ளைகள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

வேலாயி மருந்து ஊற்றிய கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டப் போனாள்.

"அடியே, இது நம்ம வெத்தலக் குருவில்ல? உன் போட்டோதான இது?"

"இல்ல மாமி. வாங்க, பஸ் வந்திரும்."

"கீழ என்னா எழுதியிருக்கு? வாசி."

"ஷிபான் சேர் பேரு."

"அந்த ஆமிக்கார சேரா? அன்னைக்கு எடுத்தாரே, அதா?"

"ஆமா."

வேலாயி சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். விரலால் அலகைத் தொட்டாள். "அன்னைக்கு இது வாயில ஈ இல்லையே. நான் பக்கத்துலதான நின்னேன்."

"இருந்துச்சு மாமி."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு. நீங்க கவனிக்கல."

பூனாகலை பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியது. நிஷாந்தினி மாமியாரைக் கையைப் பிடித்து ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்து, பையை மடியில் வைத்தாள். பஸ் நகர்ந்தது. சுவரொட்டி ஜன்னலைக் கடந்து போயிற்று. வேலாயி அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இல்ல," என்றாள், முன் சீட்டுக்காரரும் திரும்பிப் பார்க்கும்படி. "ஈ இல்ல."